நாவும் கார்டும்: மவுத் ஆர்கன் கேள்வி–பதில்

பத்துத் துளை மவுத் ஆர்கனில் ஒற்றைச் சுரம் எடுப்பதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நாக்கால் துளைகளை அடைத்து மெட்டையும் கார்டையும் (பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது) சேர்த்து வாசிக்கும் முறையைப் பற்றியே கேட்டிருந்தன. வாசிப்பவர்கள் ‘டங் பிளாக்கிங்’ என்று சொல்லும் அந்த முறைக்கே இந்த இதழின் பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன். பதில்களில் வரும் துளை எண்கள் ‘சி’ ஸ்கேலில் அமைந்த பத்துத் துளைக் கருவிக்கு உரியவை. இடக்கோடியில் உள்ள தாழ்ந்த சுரத் துளை 1. சுரங்களைச் ச ரி க ம என்றே குறிக்கிறேன். அவற்றைச் சங்கராபரணத்தின் சுரங்களாகக் கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக உதட்டைக் குவித்து வாசித்து வருகிறேன். மெட்டுகள் பிழையில்லாமல் வருகின்றன. ஆனால் தேர்ந்தவர்கள் வாசிக்கும்போது மெட்டுக்கு இடையிடையே கார்ட் ஒலித்து, இருவர் சேர்ந்து வாசிப்பதைப்போல் கேட்கிறது. ஒரே வாயால் இது எப்படி முடிகிறது? இதற்காக நான் கற்றதை விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டியதில்லை. உதட்டைக் குவிக்கும்போது வாயைச் சிறிதாக்கி ஒரே துளைக்குள் மூச்சை அனுப்புகிறீர்கள். நாவால் அடைக்கும் முறையில் வாய் அகலமாகவே இருக்கிறது. உதடுகள் நான்கு துளைகளைச் சுற்றி வளைத்துக்கொள்ள, அவற்றுள் இடப்பக்கத்து மூன்றை நாக்கு அடைத்துக்கொள்கிறது. வலக்கடைவாயின் ஓரமாகத் திறந்திருக்கும் ஒரு துளை மட்டும் ஒலிக்கிறது. கார்ட் வேண்டிய கணத்தில் நாக்கைச் சற்றே பின்னுக்கு எடுத்தால் நான்கு துளைகளும் சேர்ந்து ஒலிக்கின்றன. மறுபடி வைத்தால் மெட்டின் சுரம் மட்டும் மிஞ்சுகிறது. கார்ட் நாக்குக்கு அந்தப் பக்கம் எப்போதும் தயாராக நிற்கிறது என்றும், நாக்கு விலகும் அளவுக்கே அது கேட்கிறது என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லப்போகும் பயிற்சிகள் எல்லாம் இந்த ஒரு நினைப்பிலிருந்து வருபவைதாம்.

கருவியின் அமைப்பே இதற்குச் சான்று. முதல் நான்கு துளைகளில் கிடைக்கும் தாழ்ந்த சுர வரிசையைப் பாருங்கள்: அங்கே மத்தியமமும் தைவதமும் இல்லை. மெட்டு வாசிக்க வருபவர்கள் இதை ஒரு குறையாகவே சொல்வார்கள். ஆனால் அந்த இரண்டு சுரங்களை விட்டுக்கொடுத்ததால்தான் 1 முதல் 4 வரையிலான துளைகளை ஊதினால் ச க ப ச என்ற கார்டும், மூச்சை உள்ளே இழுத்தால் ரி ப நி ரி என்ற கார்டும் பழுதில்லாமல் கிடைக்கின்றன. இரண்டாம் துளையை இழுத்தாலும் மூன்றாம் துளையை ஊதினாலும் அதே பஞ்சமம் வருவதும் இந்தக் காரணத்தால்தான். இடப்பக்கம் கார்டுக்கு, நடுப்பகுதி மெட்டுக்கு என்று பிரித்துவைத்த கருவி இது. உதட்டைக் குவித்து மட்டுமே வாசிப்பவர் அதில் பாதியைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறார் என்பது என் கருத்து.

சிகாகோ புளூஸ் இசையில் பெரும்பெயர் பெற்ற லிட்டில் வால்டர் (1930–1968) இந்த முறையைப் பெரிதும் கையாண்டவர். அவருடைய பதிவுகளில் ஒரு சுரமே தடித்து, பின்னால் ஏதோ முழங்குவதைப்போல் கேட்கும் இடங்களில் நாக்கின் வேலை இருக்கிறது. உதட்டு முறை விரைவான சுரக்கோவைகளுக்கு வசதியானது. இரண்டையும் கைவசம் வைத்துக்கொண்டு, பாட்டின் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்பவர்கள் பலர்.

கேள்வி: நாக்கை எங்கே, எப்படி வைப்பது என்பதே பிடிபடவில்லை. நுனியை வைத்தால் இரண்டு சுரங்கள் சேர்ந்து வருகின்றன. அழுத்தி வைத்தால் சுரமே வராமல் வெறும் காற்றுச் சத்தம் வருகிறது.

பதில்: ‘த’ என்னும் எழுத்தைச் சொல்லத் தொடங்கி, சொல்லாமல் நிறுத்திப் பாருங்கள். தகர நகரங்கள் பிறக்கும்போது நாக்கின் நுனி பரந்து பல்லைத் தொடும் என்று நம் இலக்கணம் சொல்கிறது. நமக்கு வேண்டியது அந்தப் பரந்த நாக்குதான். வடிவம் கெடாமல் அதைப் பற்களைத் தாண்டி உதடுகளின் உள்விளிம்பு வரை கொண்டுவாருங்கள். நுனி சிறிது கீழ்நோக்கித் தணிந்திருக்க, நுனிக்குச் சற்றுப் பின்னால் உள்ள மேற்பரப்பு துளைகளின்மேல் படிய வேண்டும். நுனியைக் கூராக்கி நீட்டினால் அது ஒரு துளையையோ ஒன்றரைத் துளையையோதான் மூடும். அடுத்தடுத்த துளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே ஏறத்தாழ 7.5 மில்லிமீட்டர் இருப்பதால், மூன்று துளைகளை மூட ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலம் தேவைப்படுகிறது. தளர்ந்த நாக்கு தானாகவே அந்த அகலத்துக்கு விரியும். இறுகிய நாக்கு விரியாது.

கருவியை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்துபாருங்கள். ஆள்காட்டி விரலைக் கருவியைப் பிடிப்பதைப்போல் கிடையாக உதடுகளுக்கு இடையே வைத்து, பரந்த நாக்கால் அதைத் தொட்டபடி மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள். வலக்கடைவாயில் மட்டும் ஒரு சிறு குளிர்ச்சி தெரிந்தால் நாக்கு சரியான இடத்தில் இருக்கிறது. இரண்டு ஓரத்திலும் குளிர்ச்சி தெரிந்தால் நாக்கு நடுவில் நிற்கிறது என்று பொருள். இடப்பக்கம் ஒரு நூல் அளவு தள்ளி வையுங்கள். கண்ணாடி முன் நின்று செய்தால், கடைவாய் ஓரத்தில் ஓர் அரிசி அளவுக்குத் திறந்திருக்கும் இடைவெளியைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இனிக் கருவி. 3, 5 ஆகிய இரு துளைகளை இரு கை விரல்களாலும் மூடிக்கொண்டு 4ஐ ஊதி, கலப்பில்லாத ஷட்ஜம் எப்படி ஒலிக்கிறது என்று காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு விரல்களை எடுத்துவிட்டு, 1 முதல் 4 வரை வாயால் பிடித்து, நாக்கை வைக்காமலே ஊதுங்கள்; நான்கும் ஒலிக்கும். ஊதுவதை நிறுத்தாமல் நாக்கை மெல்ல முன்னே கொண்டுவந்து படியவிடுங்கள். மூன்று சுரங்கள் ஒவ்வொன்றாக மங்கி மறைந்து, காதில் ஏற்றிவைத்த அந்த ஷட்ஜம் மட்டும் நிற்கும். நாக்கை முதலில் வைத்துவிட்டுச் சுரத்தைத் தேடுவதாகவே பல கையேடுகள் சொல்கின்றன. நான் தலைகீழாகச் சொல்கிறேன்: முதலில் கார்ட் ஒலிக்கட்டும், பிறகு நாக்கு வரட்டும். தவறு எங்கே இருக்கிறது என்பதைக் கேட்டே கண்டுபிடிக்க இதுதான் வழி. ஷட்ஜத்தோடு பஞ்சமமும் கேட்டால் 3ஆம் துளை முழுதாக மூடவில்லை. நாக்கைச் சிறிது வலப்பக்கம் நகர்த்துங்கள். காந்தாரம் கேட்டால், அது மேலே 5ஆம் துளையிலிருந்து வருகிறதா, கீழே 2ஆம் துளையிலிருந்து வருகிறதா என்று கவனியுங்கள். மேலிருந்து வந்தால் வலக்கடைவாயை இன்னும் ஒட்ட வைக்க வேண்டும். கீழிருந்து வந்தால் நாக்கு இன்னும் விரிய வேண்டும். சுரமே வராமல் காற்று மட்டும் சீறினால் நாக்கு 4ஆம் துளையின் பாதியையும் மூடிவிட்டது.

அழுத்தாதீர்கள் என்பதை மட்டும் இன்னொரு முறை சொல்கிறேன். கற்கத் தொடங்கிய நாட்களில், மூன்று துளைகளையும் வலிமையாக அடைத்தால்தான் காற்று கசியாது என்று நானாகவே நம்பிக்கொண்டு நாக்கை முட்டுக்கொடுத்து வாசித்தேன்; ஒரே வாரத்தில் நுனி புண்ணாகிப் பேசவே கூசியது. நாக்கு துளைகளின்மேல் ஈரக் காகிதம் படிவதைப்போல் படிந்தால் போதும். மூச்சு மென்மையாக இருக்கும்வரை காற்று கசியாது.

கேள்வி: நாவால் அடைத்து வாசிக்கும்போது எச்சில் அதிகம் ஊறிக் கருவிக்குள் போகிறது. உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் சில ரீடுகள் (மெல்லிய தகடுகள்) அடைத்துக்கொள்கின்றன.

பதில்: நாக்கு வெளியே ஒரு பொருளைத் தொட்டதும் வாய் எச்சிலைச் சுரப்பது இயல்பு, சில வாரங்களில் வாய் பழகிவிடும். அதுவரை பாட்டின் அடிகளுக்கு இடையே விழுங்கிக்கொள்ளவும், கருவியின் துளைப்பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி உள்ளங்கையில் அவ்வப்போது தட்டிக்கொள்ளவும் பழகுங்கள். தலையைக் குனிந்து வாசித்தால் எச்சில் கருவிக்குள்தான் இறங்கும்; நிமிர்ந்து வாசியுங்கள். வாசிப்பதற்கு முன் வாயைக் கொப்பளித்துக்கொள்வதும் அவசியம். உங்கள் கருவியின் நடுச்சட்டம் மரத்தால் ஆனதாக இருந்தால், பழைய வகைச் சட்டங்கள் ஈரத்தில் உப்பி, துளைகளுக்கு இடையே உள்ள தடுப்புகள் வெளியே நீண்டு நாக்கைக் கீறக்கூடும். நாக்கை ஓயாமல் நகர்த்த வேண்டிய இந்தப் பயிற்சியைப் பிளாஸ்டிக் சட்டம் உள்ள கருவியில் தொடங்குவது நல்லது.

கேள்வி: நாக்கை எடுத்தால் கார்ட் வருகிறது. ஆனால் சில இடங்களில் மெட்டோடு இனிமையாக இணைகிறது, சில இடங்களில் கசக்கிறது. குறிப்பாக 6ஆம் துளையை இழுக்கும்போது கார்ட் சேர்ந்தால் காதுக்கு ஒவ்வவில்லை. என் தவறா, கருவியின் தவறா?

பதில்: இரண்டும் இல்லை, கருவியின் எல்லை அது. நான்கு துளை அகலத்தில் வாயை வைத்துக்கொண்டு நடு ஸ்தாயியில் ஏறிப்பாருங்கள். 4ஐ ஊதினால் ச; நாக்கை எடுத்தால் ச க ப ச. 5ஐ ஊதினால் க. நாக்கை எடுத்தால் க ப ச க. 6ஐ ஊதினால் ப. நாக்கை எடுத்தால் ப ச க ப. ஊதும் பக்கத்தில் எங்கே வாயை வைத்தாலும் ஷட்ஜத்தைத் தாயாக, அதாவது அடிப்படைச் சுரமாகக் கொண்ட அதே கார்டுதான் வேறு வேறு வரிசையில் வரும். அதனால் அங்கே கசப்புக்கே இடமில்லை.

இழுக்கும் பக்கம் அப்படிப்பட்டதன்று. 4ஐ இழுத்தால் ரி. நாக்கை எடுத்தால் ரி ப நி ரி, அதாவது பஞ்சமத்தைத் தாயாகக் கொண்ட மேஜர் கார்ட். 5ஐ இழுத்தால் ம. நாக்கை எடுத்தால் ப நி ரி ம. மேற்கத்திய இசையில் ‘டாமினன்ட் செவன்த்’ எனப்படும், ஷட்ஜத்துக்குத் திரும்பிவரத் துடிக்கும் கார்ட் அது. மெட்டு 5ஐ இழுத்துவிட்டு 5ஐ ஊதும் இடத்துக்கு வந்தால், இழுக்கையில் ஒரு கார்டும் ஊதுகையில் ஒரு கார்டும் கொடுத்துப்பாருங்கள். பாட்டு தன் இருப்பிடத்துக்கு வந்து அமர்வது தெளிவாகக் கேட்கும். 6க்கு வந்தால்தான் சிக்கல். மெட்டின் சுரம் த. நாக்கை எடுத்தால் நி ரி ம த. பெரும்பாலான பாட்டுகளில் அந்தத் தைவதத்துக்குத் துணையாகக் காது எதிர்பார்ப்பது மத்தியமத்தைத் தாயாகக் கொண்ட ம த ச என்னும் கார்ட். மத்தியமமும் தைவதமும் இழுக்கும் பக்கத்திலும் ஷட்ஜம் ஊதும் பக்கத்திலும் இருப்பதால் அந்த மூன்றையும் இந்தக் கருவியில் ஒரே மூச்சில் சேர்த்து ஒலிக்கவே முடியாது.

ஆகவே அந்த இடத்தில் நாக்கை எடுக்காமல் மெட்டின் சுரத்தை மட்டும் நிற்கவிடுங்கள். இல்லாவிட்டால் வாயைக் குறுக்கி 5, 6 ஆகிய இரண்டை மட்டும் பிடித்து, 5இன்மேல் வைத்த நாக்கை எடுத்து ம, த என்னும் இரண்டை மட்டும் ஒலிக்கவிடுங்கள். முழுக் கார்ட் இல்லாவிட்டாலும் அந்தக் கார்டின் சாயல் கிடைத்துவிடும். கசக்கும் இடத்தில் கார்டை வாசிக்காமல் விடுவதும் இந்தக் கலையின் ஒரு பகுதிதான். தொடக்கத்தில் ச, ப ஆகிய இரண்டைத் தாயாகக் கொண்ட கார்டுகளே போதும் என்னும்படியான எளிய மெட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். தாலாட்டுகளிலும் குழந்தைப் பாட்டுகளிலும் அப்படிப்பட்டவை நிறைய உண்டு.

7ஆம் துளையிலிருந்து ஒரு மாற்றம் வருவதையும் நினைவில் வையுங்கள். 6 வரை இழுக்கும் சுரம் ஊதும் சுரத்தைவிட உயர்ந்தது. 7 முதல் 10 வரை இழுக்கும் சுரமே தாழ்ந்தது. 7ஐ இழுத்து நி, 7ஐ ஊதி மேல் ச என்று முடியும் இடத்தில் மூச்சின் திசை மாறும் பழக்கம் நாக்கின் பயிற்சியையும் குழப்பிவிடும். முதல் சில வாரங்கள் 4 முதல் 6 வரையிலேயே இருங்கள்.

கேள்வி: தனியாகக் கார்ட் வருகிறது, தனியாக மெட்டும் வருகிறது. இரண்டையும் சேர்த்தால் நாக்கை எடுக்கும் ஒவ்வொரு முறையும் மெட்டு அறுந்துபோகிறது, தாளமும் தடுமாறுகிறது.

பதில்: வந்த கடிதங்களில் இதுதான் மிக முக்கியமான கேள்வி. நான் கேட்டவரையில், மெட்டு அறுந்துபோகிறது என்று சொல்பவர்கள் எல்லாருமே நாக்கை அசைக்கும்போது மூச்சையும் சேர்த்து நிறுத்துகிறார்கள். பேச்சில் நாக்கும் மூச்சும் சேர்ந்தே வேலை செய்வதால் நமக்கு அந்தப் பழக்கம் பிறவியிலிருந்தே ஊறியிருக்கிறது. இங்கே அவற்றைப் பிரிக்க வேண்டும். மூச்சு ஓர் ஆற்றைப்போல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்க, நாக்கு மட்டும் மதகைப்போல் திறந்து மூட வேண்டும்.

மெட்டைச் சில நாட்கள் மறந்துவிட்டு இதை மட்டும் செய்யுங்கள். 1 முதல் 4 வரை வாயை வைத்து, நாக்கால் மூன்றை அடைத்து, 4ஐ மெல்ல ஊதுங்கள். தாள அடியைச் சீராகத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடி என்று வைத்து, அந்த ஒரே மூச்சுக்குள் நான்கு அடிகளை எண்ணுங்கள்: ஒன்றாம் அடியில் நாக்கு படிந்திருக்கும், இரண்டாம் அடியில் எடுபடும், மூன்றில் படியும், நான்கில் எடுபடும். ஷட்ஜம் நான்கு அடியிலும் விடாமல் ஒலிக்க வேண்டும். இரண்டிலும் நான்கிலும் மட்டும் அதன் கீழே கார்ட் வந்து சேர வேண்டும். பிறகு இழுத்து அதையே செய்யுங்கள். உங்களையே பதிவு செய்து கேட்டுப்பாருங்கள். ஷட்ஜம் நடுவில் விட்டுவிட்டு ஒலித்தால் மூச்சு இன்னும் நாக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிலருக்கு இது இரண்டு நாளில் வருகிறது, சிலருக்கு ஒரு மாதமும் ஆகிறது. வராமல் மெட்டுக்குப் போகாதீர்கள் என்று கண்டிப்பாகவே சொல்வேன்.

நாக்கை எடுக்கும்போது மெட்டின் ஒலி சிறிது குறைவதைப்போல் கேட்கும். ஒரு ரீடுக்குப் போன மூச்சை இப்போது நான்கு ரீடுகள் பங்கிட்டுக்கொள்வதே காரணம். அதை ஈடுகட்ட அந்தக் கணத்தில் ஓங்கி ஊதினால், கார்ட் இடிபோல் விழுந்து மெட்டை மூடிவிடும். மூச்சை அப்படியே விடுங்கள். கார்ட் மெட்டைவிடத் தணிந்து ஒலிப்பதே அழகு. நாக்கையும் வெகுதூரம் எடுக்க வேண்டாம். துளையிலிருந்து ஒரு காகிதக் கனம் விலகினாலே கார்ட் கேட்கத் தொடங்கிவிடும், குறைவாக எடுத்தால் விரைவாகத் திரும்பவும் முடியும்.

இது கைகூடியபின் நாக்கின் அசைவைத் தலைகீழாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு சுரத்தையும் நாக்கு இல்லாமல் தொடங்கி, தொடங்கிய மறுநொடியே நாக்கைத் தட்டென்று துளைகளின்மேல் போடுங்கள். கார்ட் ஒரு பொறியைப்போலத் தெறித்து மறைய, மெட்டின் சுரம் அதிலிருந்து எழுந்து நிற்கும். இதை ‘ஸ்லாப்’ என்பார்கள். முதல் வகையில் கார்ட் சுரத்துக்குப் பின்னால் தாளமாக வருகிறது. இந்த வகையில் சுரத்துக்கு முன்னால் அழுத்தமாக வருகிறது. நான் முன்பு சொன்ன தடித்த ஒலிக்குப் பெரும் காரணம் இதுவே.

கேள்வி: கார்டோடு ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து வாசிப்பதையும் கேட்டிருக்கிறேன். ஊதும்போது எனக்கு வருகிறது, இழுக்கும்போது அபசுரமாகிறது.

பதில்: அதற்கு நாக்கை வாயின் நடுவில் வைத்து இரு கடைவாய்களையும் திறந்துவிட வேண்டும். 1 முதல் 4 வரை பிடித்து 2, 3ஐ மட்டும் அடைத்து ஊதினால் கீழ் ஷட்ஜமும் மேல் ஷட்ஜமும் சேர்ந்து ஒலிக்கும். ஊதும் பக்கத்தில் ச க ப என்னும் வரிசை மூன்று துளைகளுக்கு ஒருமுறை மறுபடி வருவதால், 7–10 வரை இதே அகலத்தில் நகர்ந்துகொண்டே போகலாம்.

இழுக்கும் பக்கத்தில் அந்த ஒழுங்கு இல்லை. 1–4 மட்டும் ரி–ரி என்று பொருந்தும். அதே அகலத்தில் 2–5க்குப் போனால் பஞ்சமமும் மத்தியமமும், 3–6க்குப் போனால் நிஷாதமும் தைவதமும் மோதும். உங்களுக்குக் கேட்ட அபசுரம் அதுதான். 3இலிருந்து வாயை ஐந்து துளைகளுக்கு விரித்து நடுவில் மூன்றை அடைக்க வேண்டும். அப்போது 3–7 நி–நி, 4–8 ரி–ரி, 5–9 ம–ம, 6–10 த–த என்று சரியாகப் பொருந்தும். இழுக்கும் 2க்கு இணையான பஞ்சமம் இழுக்கும் பக்கத்தில் வேறெங்கும் இல்லை. அந்தச் சுரத்தை 3–6 ஊதிப் பெறுங்கள். இடக்கடைவாய் இதுவரை வேலையே செய்யாமல் இருந்ததால் முதலில் அங்கே காற்று கசியும். கண்ணாடி இங்கேயும் உதவும்.

கேள்வி: என்னிடம் இருப்பது இரண்டு வரிசைத் துளைகள் கொண்ட ட்ரெமலோ மவுத் ஆர்கன். நண்பரிடம் பொத்தான் வைத்த குரோமேட்டிக் இருக்கிறது. இந்த முறை அவற்றுக்கும் பொருந்துமா?

பதில்: இரண்டுக்கும் பொருந்தும், அளவுகள் மட்டும் மாறும். ட்ரெமலோவில் ஒவ்வொரு சுரத்துக்கும் மேலும் கீழுமாக இரண்டு ரீடுகள் உண்டு; அவற்றின் சுருதியில் உள்ள சிறு வேறுபாட்டால்தான் அந்த அலையும் ஒலி பிறக்கிறது. ஊதும் ரீடும் இழுக்கும் ரீடும் தனித்தனித் துளைகளில் அடுத்தடுத்து இருப்பதால், நீங்கள் ஊதும்போது வாய்க்குள் இருக்கும் துளைகளில் பாதி பேசாமல் இருக்கும். ஆகவே துளை எண்ணிக்கையை மறந்து நிரல்களை (மேலும் கீழுமாக உள்ள ஒரு சோடித் துளை ஒரு நிரல்) எண்ணுங்கள். ஊதும் சுரங்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் இடத்தில், ச முதல் மேல் ச வரை பிடிக்க ஏழு நிரல் அகலத்துக்கு வாயை விரித்து, வலக்கோடி ஒன்றை மட்டும் விட்டு மற்றதை நாக்கால் மூடுங்கள். முதலில் ஐந்து நிரல் போதும். இந்தக் கருவியில் உதட்டு முறை எளிதாக வந்துவிடுவதால் பலர் நாக்கின் பக்கமே போவதில்லை. ஆனால் ட்ரெமலோவின் கார்ட், அலை மேல் அலையாக விரிவது, கேட்கவே மிக இனிமையானது.

குரோமேட்டிக்கில் ஒரே வரிசை நான்கு துளைகளுக்கு ஒருமுறை இரு பக்கமும் மாறாமல் திரும்ப வருகிறது. எனவே முன் பதிலில் சொன்ன ஸ்தாயிச் சேர்க்கைக்கு ஊதினாலும் இழுத்தாலும் ஐந்து துளை அகலமே போதும். அந்த வகையில் உங்கள் நண்பர் கொடுத்துவைத்தவர். இழுக்கும் பக்கத்தில் எங்கும் ரி ம த நி என்னும் சேர்க்கையே கிடைப்பதால் பஞ்சமத்தைத் தாயாகக் கொண்ட முழுக் கார்ட் அதில் இல்லை.

கேள்வி: நானும் என் தம்பியும் ஒரே பாடத்தைத்தான் பயில்கிறோம். அவன் கருவியில் கார்ட் வழுவழுப்பாக ஒலிக்கிறது, என் கருவியில் சிறிது கரகரக்கிறது. ஒற்றைச் சுரங்கள் இரண்டிலும் சரியாகவே இருக்கின்றன.

பதில்: நீங்கள் நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். கருவிகளைச் சுருதி சேர்க்கும் முறை இரண்டு வகைப்படும். ஒன்றில் ஒரு ஸ்தாயியைச் சரிசமமாகப் பன்னிரண்டாகப் பிரிக்கிறார்கள். மெட்டு எந்த ஸ்கேலிலும் மற்றக் கருவிகளோடு பொருந்தும். மற்றொன்றில் கார்டின் சுரங்கள் ஒன்றோடொன்று மோதாதபடி இயற்கையான விகிதத்தில் வைக்கிறார்கள். ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று கொண்டால், இயற்கையான காந்தாரம் சமப்பிரிவுக் காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் தாழ்ந்தது. தனியே கேட்டால் தெரியாத அந்த இடைவெளி, நான்கு ரீடுகள் சேர்ந்து ஒலிக்கும்போது அதிர்வாக, நீங்கள் சொல்லும் கரகரப்பாகத் தெரிகிறது. ஹோனர் நிறுவனம் 1896 முதல் செய்துவரும் மரீன் பேண்ட் வகையில் இப்போது இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு சமரசச் சுருதியைப் பார்க்கலாம். நாவால் அடைத்துக் கார்ட் வாசிப்பதே உங்கள் நோக்கம் என்றால், அடுத்த கருவியை வாங்கும்போது சமப்பிரிவில் சுருதி சேர்த்ததா, கார்டுக்கு ஏற்பச் சேர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். தவறு உங்கள் நாக்கில் இல்லை.

கேள்வி: நாவால் அடைத்தபடியே சுரத்தை வளைக்க, அதாவது அதன் சுருதியைச் சற்றுத் தாழ்த்தி வாசிக்க முடியுமா?

பதில்: முடியும். நாக்கின் முன்பகுதி துளைகளில் படிந்திருக்க, பின்பகுதியைத் தாழ்த்தித் தொண்டையைத் திறந்து வளைக்க வேண்டும். 4ஐ இழுத்துத் தொடங்குங்கள். பிறகு 3, கடைசியில் 2. முதல் துளைக்கு இடப்பக்கம் அடைக்க ஏதும் இல்லாததால் அதை மட்டும் உதட்டு முறையில் வாசிப்பவர்கள் உண்டு, நானும் அப்படித்தான். கார்டு நிலைப்படும்வரை இதைத் தொடவேண்டாம்.

கேள்வி: கார்ட் பயிற்சி செய்தால் பத்து நிமிடத்தில் தலை சுற்றுகிறது.

பதில்: தேவைக்கு மேல் மூச்சு விடுகிறீர்கள். நான்கு ரீடுகளை ஒலிக்க நான்கு மடங்கு மூச்சு வேண்டும் என்று உடல் தவறாக நினைத்துக்கொள்கிறது. உறங்கும்போது வரும் மூச்சின் அளவே போதும். தலை சுற்றியதும் நிறுத்தி உட்கார்ந்துவிடுங்கள். ஐந்தைந்து நிமிடங்களாகப் பிரித்துப் பயிலுங்கள். இவ்வாறு குறைத்த பின்பும் சுற்றல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எனக்கு ஒன்பது வயது. என் வாய் சிறியது. நான்கு துளை பிடிக்க முடியவில்லை. நான் பெரியவளான பிறகுதான் கற்க முடியுமா?

பதில்: வேண்டாம் அம்மா, இப்போதே கற்கலாம். நீ மூன்று துளை பிடி. 2, 3, 4ஐ வாயில் வைத்து, 2ஐயும் 3ஐயும் நாக்கால் மூடி, 4ஐ ஊது. நாக்கை எடுத்தால் க ப ச என்று மூன்று சுரம் வரும். ஒரு முழுக் கார்டுக்கு மூன்று சுரமே போதும். இழுத்தால் ப நி ரி வரும். அதுவும் முழுக் கார்ட்தான். நாக்கு வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடு. இந்த இரண்டும் தாளத்தோடு வந்த பிறகு 3, 4, 5க்கு நகர்ந்து அதையே செய்துபார்த்துவிட்டு, 5ஐ இழுக்கும்போது நாக்கை எடுத்தால் என்ன மூன்று சுரம் வருகிறது என்று நீயே கண்டுபிடித்து எனக்கு எழுது.